லாலா பேருந்தை நிறுத்தும் இடம்

ஓடைத் தரைப்பாலத்துக்கு நாற்பதடி முன்னால் லாலா அம்மாள் எங்கள் பள்ளிப் பேருந்தை நிறுத்துவார். முதலில் மஞ்சள் குமிழை வெளியே இழுப்பார். பிரேக்கின் காற்று புஸ்ஸென்று இறங்கும். வலது கையால் கதவைத் திறப்பார். இடது கையால் தன் பக்கத்துச் சன்னலை இறக்குவார். தலைக்கு மேலே ஓடுகிற சின்ன மின்விசிறியை அணைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடி போட்டிருந்தால் காது மந்தமாகிவிடுகிறது என்பது அவர் கட்சி. பிறகு முகவாயைச் சற்றே உயர்த்தி மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே இருப்பார். ஆள்காட்டி விரல் மட்டும் ஸ்டியரிங்கில் தட்டும். பத்துத் தட்டு. அதன்பின் கண்ணாடி, மின்விசிறி, சன்னல், கதவு, குமிழ் என்று எல்லாம் வந்த வரிசைக்குத் தலைகீழாகத் திரும்பிப் போகும்.

"சரி, போலாம்."

ரயில் பாதையைக் கடக்கும்போது பள்ளிப் பேருந்து நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். அது சட்டம். ஓடைக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. லாலா தானாகப் போட்டுக்கொண்டது. வருடத்தில் பத்து மாதம் அந்த ஓடையில் மணலும் பல்லியும்தான் இருக்கும். அந்தப் பத்து மாதமும் நிற்பார். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள்: பத்துத் தட்டு முடியும்வரை மூச்சு விடக்கூடாது, விட்டவர் தோற்றவர். காலையில் அழுதுகொண்டே ஏறுகிற முதல் வகுப்புப் பிள்ளைகூடக் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை உருட்டும். பின்னால் வரும் கார்களில் ஹாரன் அடிப்பவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.

எங்கள் ஊர் பாலோ செகோ, ஓடைக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. பள்ளிக்கூடமும் தபால் நிலையமும் மருந்துக்கடையும் இந்தப் பக்கம். வீடுகளில் பாதி அந்தப் பக்கம். ஓடையின் பெயர் லா சோர்தா, செவிடி. கத்தினாலும் அதற்குக் கேட்காது என்று பெரியவர்கள் வைத்த பெயர். மழை அதிகமும் கிழக்கே சான் கமீலோ மலையில்தான் கொட்டும். இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே பெய்தது இங்கே வந்து நிற்கும். அதனால்தான் அரிசோனாவின் ஜூலை, ஆகஸ்டில் எங்கள் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்க்கமாட்டார்கள். தரைப்பாலத்தின் ஓரத்தில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர் வடிந்து, சாலைத்துறை ஆட்கள் வந்து சேற்றைத் தள்ளி, தடுப்பை எடுத்துவிட்டால் போதும். அடுத்த தண்ணீர் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று இரண்டு பக்கத்து வண்டிகளும் விழுந்தடித்துக்கொண்டு கடக்கும். நானும் அப்படிப் பலமுறை கடந்திருக்கிறேன்.

லாலாவின் முழுப்பெயர் எயுலாலியா பிராகமோந்தே; பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு மரியாதையாக 'தோன்யா', அம்மணி. ஐந்தடிக்கும் குறைவான உயரம். முப்பத்தொரு வயதுவரை நெடுஞ்சாலை விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைத்துக்கொண்டிருந்தவர். பள்ளிக்கு ஓட்டுநர் கிடைக்காத ஒரு வருடம் போய்ப் பெயர் கொடுத்தார். சொல்லிக்கொடுத்த ஆள், "இந்தப் பெடல் உங்க காலுக்கு எட்டாதும்மா" என்று சிரித்தாராம். மறுநாள் லாலா விடுதியின் பழைய விரிப்புகளை மடித்துத் தைத்த ஒரு முதுகுத் திண்டோடு வந்தார். அந்தத் திண்டு பத்து வருடம் உழைத்தது. இப்போது இருப்பது மூன்றாவது. அவர் கணவர் செப்புச் சுரங்கம் மூடியதும் வேலை தேடி வடக்கே போனவர். கொஞ்ச வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்துகொண்டிருந்தது. அவரைப் பற்றி யாராவது கேட்டால், "அட்டைல படம் நல்லா இருக்கும்" என்பதோடு லாலா பேச்சை முடித்துவிடுவார்.

நான் அந்தப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு அந்தப் பக்கம். என் கார் படுத்துவிட்ட அந்த வருடம் பிள்ளைகளோடு அவர் பேருந்தில்தான் போய்வந்தேன். கடைசி இருக்கையில் மடியில் ஏதாவது ஒரு கவிதைத் தொகுப்பை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் படிக்காமல், முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடியில் தெரியும் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தைரியமாகக் கேட்டேன், ஓடையில் ஏதாவது விபத்து நடந்ததா, அதனால்தான் நிற்கிறீர்களா என்று.

"ஒண்ணும் நடக்கல," என்றார். "ஏன், நடந்தாதான் நிக்கணுமா?"

மலை கறுத்திருந்தால் பத்துத் தட்டோடு விடமாட்டார். ஓடை காய்ந்து கிடந்தாலும் இந்தப் பக்கமே நிற்பார், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அதற்காகவே அவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி உண்டு. உப்பு பிஸ்கட், இரண்டு கேன் தண்ணீர், டப்பாவில் அடைத்த பீச் பழம். டப்பா திறக்கும் கருவி ஒரு கயிற்றில் கட்டி வண்டியிலேயே தொங்கும். மலைமேல் ஒரு கீற்று மேகம் தெரிந்தாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

"தோன்யா, இன்னிக்கு பீச்சா?"

"வாய மூடு நாச்சோ. மூச்ச அடக்கு."

பெற்றவர்களுக்கு அது கொண்டாட்டமாக இல்லை. அந்த ஆகஸ்டில், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, லாலா இரண்டே முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். கடைசியில் வந்தது கணுக்கால் அளவுத் தண்ணீர். அதுவும் அரை மணியில் வடிந்துவிட்டது. எலிசேயோ என்பவனுக்கு அன்று பழம் கட்டும் ஆலையில் ஒரு நாள் வேலை போயிற்று. மனைவி பகலில் வேலைக்குப் போகிறவள்; மகள் இட்சேல் வந்து சேர்ந்தபின்தான் அவன் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்ப முடியும். அவன் ஒரு மனு எழுதி அந்தப் பக்கம் முழுக்க வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினான். பேருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஹார்லன் டைஸிடமிருந்து லாலாவுக்குக் கடிதம் வந்தது: தண்ணீர் ஓடாதபோது, தடுப்பும் இல்லாதபோது, இனி ஒருமுறை காரணமின்றி நிறுத்தினால் அந்த வழி வேறொருவருக்குத் தரப்படும், லாலா பணிமனையில் வண்டி கழுவலாம்.

லாலா அதை மடித்து வெயில் மறைப்பில் செருகிவைத்தார். எல்லோரும் பார்க்கும்படி.

அடுத்த வாரம், புதன்கிழமை. வழக்கத்துக்கு மாறாகக் காலை பத்து மணிக்கே இடி. வகுப்பு விளக்குகள் இரண்டுமுறை கண் சிமிட்டின. மழை இருபது நிமிடம் ஊரையே அடித்துப்போட்டுவிட்டு நின்றது. செவிடி கரை தொட்டு ஓடியது. ஒரு மணிக்கு வடிந்தது. இரண்டேகாலுக்குச் சாலைத்துறை ஆட்கள் சேற்றைத் தள்ளிவிட்டுத் தடுப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று இருபதுக்கு நாங்கள் ஓடைக்கு வந்தபோது வானம் துடைத்துவைத்தது போல் இருந்தது. எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நாலைந்து வண்டிகள் காத்திருந்தன. தரைப்பாலத்தில் சேற்றுப் படலமும் அங்கங்கே குட்டைகளும்தான்.

லாலா நின்றார். குமிழ், கதவு, சன்னல், கண்ணாடி. பத்துத் தட்டு முடிந்தது. பிள்ளைகள் மூச்சை விட்டார்கள். விரல் மறுபடி தட்ட ஆரம்பிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ஹார்லன், செவிடிகிட்ட நிக்கிறேன்."

"லாலா, ரோடு திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

"தண்ணி ஓடுதா?"

"ஓடல."

"தடுப்பு?"

"எடுத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?"

"ஒரு குட்டை சரியில்ல."

முன்வரிசைப் பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்தார்கள்.

"குட்டையா?"

"மத்த குட்டையெல்லாம் அப்படியே நிக்குது. நடுவுல ஒண்ணு மட்டும் வத்திக்கிட்டே போகுது. சுத்திக்கிட்டுப் போகுது, தொட்டில அடைப்ப எடுத்த மாதிரி. அந்தத் தண்ணி எங்க போகுது? ரோட்டுக்காரங்கள வரச் சொல்லு."

"இப்பத்தான் போனாங்க, வர நாப்பது நிமிஷம் ஆகும். லாலா, அந்தக் கடிதத்த நீங்க படிச்சீங்கல்ல?"

"ரெண்டு தடவ படிச்சேன். ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சு."

"நான் விளையாடல."

"நானும் விளையாடல. நாளைக்கு வண்டி கழுவ எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லிடு."

வயர்லெஸ்ஸை மாட்டினார். சட்டைப் பையைத் தடவி, ஒன்றும் எடுக்காமல் கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தேழு வருடம் ஓட்டிய வழி.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் கிளம்பியது. எலிசேயோ. தரைப்பாலத்தை விர்ரென்று கடந்து, சேற்றை வாரியிறைத்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினான்.

"பாத்தீங்களா தோன்யா? டயர்கூட முழுசா நனையல!"

"பாத்தேன். உன் வண்டி ரெண்டு டன். என் வண்டி பன்னெண்டு. அதுக்குள்ள பத்தொம்பது பிள்ளைங்க, ஒரு புத்தகக்காரன்."

"போன வாரம் உங்களால எனக்கு ஒரு நாள் வேலை போச்சு. இன்னிக்கும் போனா என்னை வரவேண்டாம்னு சொல்லிடுவாங்க."

"தெரியும்."

"என்ன தெரியும்? சரி, நீங்க இங்கயே நின்னு ஜபம் பண்ணுங்க. இட்சேலை இறக்கி விடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவ எறங்குற எடம் அந்தப் பக்கம்."

"நான் அவளோட அப்பன்!"

"அதுவும் தெரியும். அவ ஞானஸ்நான விருந்துக்கு வந்தேன். கறி வேகல."

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். இட்சேல் மட்டும் சிரிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எலிசேயோவின் முகம் சிவந்துவிட்டது. பேருந்தின் படியில் ஒரு காலை வைத்தான். லாலா கதவை மூடினார், மெதுவாக, அவன் காலை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்து. பிறகு வண்டியைக் கிளப்பினார். போகிறார் என்றுதான் நினைத்தேன். பேருந்தை முன்னும் பின்னுமாக நாலுமுறை திருப்பி, சாலைக்குக் குறுக்கே, ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாதபடி நிறுத்தினார். பின்னால் வந்து நின்ற இரண்டு கார்களும் ஹாரன் அடித்தன. எலிசேயோவின் வண்டி பேருந்துக்குப் பின்பக்கம் மாட்டிக்கொண்டது.

"இப்ப உனக்கும் வழியில்ல, எனக்கும் வழியில்ல," என்றார் சன்னல் வழியாக.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"டேய் எலிசேயோ, ஆறு வருஷம் உன்னை ஏத்தி எறக்கியிருக்கேன். சீட்டுக்கு அடியில நீ ஒட்டின சூயிங்கம்ம நான்தான் கத்தி வச்சு சுரண்டினேன். அஞ்சு நிமிஷம் என்கூட வா. அதுக்கப்புறமும் போகணும்னா பஸ்ஸ நகத்துறேன், பொண்ணையும் கூட்டிட்டுப் போ. சத்தியம்."

என்னிடம் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கதவுக்கருகில் இருந்த வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினார். இருவரும் பாலத்தை நோக்கி நடந்தார்கள், அவன் இரண்டடி முன்னால், கையை வீசிக்கொண்டு. சன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

லாலா கரையோரத் தாரில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். டொக். நாலடி உள்ளே போய் இன்னொன்று. டொக். அந்தக் குட்டைக்கு அருகில் போய்க் குனிந்து தட்டினார். வேறு சத்தம். காலி எண்ணெய் டிரம்மில் தட்டியது போல அது கொஞ்ச நேரம் உள்ளேயே சுற்றியது.

"தரைப்பாலம்னா அப்படித்தான் கேக்கும்," என்றான் எலிசேயோ.

"நேத்து வரைக்கும் கேக்கல. அந்த ஓரத்துல எட்டிப் பாரு."

அவன் நீரோட்டம் போகும் பக்கத்து விளிம்புக்குப் போய் மண்டியிட்டு, கீழே தலையைக் கொடுத்துப் பார்த்தான். தோள்வரை கையை விட்டான். எழுந்தபோது சட்டைக் கையெல்லாம் சேறு. நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஒண்ணுமே இல்ல," என்றான். "அடியில ஒண்ணுமே இல்ல தோன்யா. வெறும் பலகை மாதிரி நிக்குது." பிறகு, சின்னக் குரலில், "நான் இப்பத்தான் இதுமேல வந்தேன்."

"கரைக்கு வா."

"அவங்ககிட்ட சொல்லணும்." அவன் எதிர்ப்பக்கம் பார்த்தான். அங்கே காத்திருந்த வண்டிகளில் ஒன்று மெல்லக் கிளம்பி முன்னால் வந்துகொண்டிருந்தது. "பெனீத்தா அக்கா கிளம்பிட்டாங்க!" பாலத்தின் மேலேயே அந்தப் பக்கம் ஓடப்போனான். லாலா அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார். அந்த உயரத்துக்கு அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இருவரும் கரையில் வந்து விழுந்தார்கள். லாலா எழுந்து நின்று ஸ்பானரைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து ஆட்டினார். எலிசேயோ இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். "நில்லு! நில்லு!" அந்த வண்டி தரைப்பாலத்தின் வாயில் முன்சக்கரம் பட நின்றது. உள்ளிருந்த பெண் தலையை நீட்டி, என்ன என்பதுபோல் கையைத் திருப்பினாள்.

முதலில் வந்தது தண்ணீர் என்றுகூடச் சொல்ல முடியாது. சுள்ளி, நுரை, மாட்டுச் சாணம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு, முழங்கால் உயரத்தில், யாரோ துடைப்பத்தால் கூட்டிக்கொண்டு வருவது போல வளைவைத் திரும்பி வந்தது. அதன் பின்னால்தான் தண்ணீர், பழுப்பாக, இடுப்பளவாக. எங்கள் தலைக்கு மேல் நீல வானம். மலைக்கு அந்தப்புறம் எப்போதோ பெய்தது. பெனீத்தா வண்டியைப் பின்னோக்கி எடுத்த வேகத்தில் பின்னால் நின்ற வண்டியின் விளக்கை உடைத்தாள். யாரும் சண்டை போடவில்லை.

பாலம் ஆறு நிமிடம் நின்றது. நாச்சோ தன் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னான். பிறகு தண்ணீருக்கு அடியில் ரயில் பெட்டிகளைக் கோர்ப்பது போல ஒரு சத்தம் கேட்டது. சாலையின் ஒரு பாளம், மஞ்சள் கோட்டோடு, நடு ஓடையில் செங்குத்தாக எழுந்தது. கொஞ்ச நேரம் ஒரு கதவு போல நின்றுவிட்டுப் புரண்டு போயிற்று.

லாலா ஏறி வந்து தலைகளை எண்ணினார். பத்தொன்பது. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ஹார்லன், செவிடில ரோடு இல்ல."

"மூடியிருக்காங்களா?"

"மூட ஒண்ணும் பாக்கி இல்ல."

பின் இருக்கையிலிருந்து ஒரு பிள்ளையின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "தோன்யா... பீச்சா?"

"பீச்சுதான்."

எலிசேயோ படியில் உட்கார்ந்திருந்தான், மகள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தாள். பழத் துண்டுகள் ஆளுக்கு இரண்டாகப் பங்கானபின் லாலா டப்பாவை அவனிடம் நீட்டினார்.

"உனக்குப் பாகுதான் இருக்கு. கையெழுத்து வாங்கறதுக்கு வீடுவீடா ஏறி எறங்கினவன், தெம்பு வேணும்ல."

"விடுங்க தோன்யா," என்றான். ஆனால் டப்பாவை வாங்கி அண்ணாந்து குடித்தான்.

நெடுஞ்சாலைப் பாலம் வழியாக அறுபது மைல் சுற்றி, மாலை ஆறரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். எலிசேயோ தன் வண்டியில் பின்னாலேயே வந்தான், ஒருமுறைகூட முந்தவில்லை. நெடுஞ்சாலையின் ரயில் பாதையில் லாலா நின்று கதவைத் திறந்து கேட்டபோது அவனும் நின்றான். வழியில் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுப்பி, பை சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, இறக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை டைஸ் நேரில் வந்தார். பேருந்தின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். லாலா தலையாட்டினார். வெயில் மறைப்பிலிருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பிழை இருந்த இடத்தில் பேனாவால் சுழித்திருந்தது. வழி அவரிடமே இருக்கிறது. எலிசேயோவை ஆலையில் விரட்டவில்லை; தரைப்பாலம் போன செய்தி அவனுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. புதுத் தரைப்பாலம் ஜனவரியில் முடிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பேருந்துப் பிரிவின் பழைய காகிதங்களைப் பெட்டிபெட்டியாக நூலகத்தின் பின்னறைக்கு அனுப்பினார்கள், வருடவாரியாக அடுக்கிவைக்கச் சொல்லி. லாலா தினமும் எழுதிக் கொடுத்த டிரிப் ஷீட்டுகள், அதாவது பயணக் குறிப்புத் தாள்கள், எல்லாம் அதில் இருந்தன. அடுக்கும்போது எண்ணினேன். மழைக்குப் பயந்து செவிடிக்கு இந்தப் பக்கம் அவர் பேருந்தை நிறுத்திவைத்தது மொத்தம் அறுபத்தொரு தடவை. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் ஷீட்டில், குண்டு குண்டான கையெழுத்தில், யாரும் கேட்காமல் அவரே ஒரு வரி எழுதியிருக்கிறார். காலையில் முதலில் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. டைஸின் கடிதத்துக்கு ஆதாரமே அந்த வரிகள்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாலம் போன அந்தப் புதனுக்கானதைத் தவிர மற்ற அறுபது ஷீட்டுகளிலும் ஒரே வரி: "ரோடு நன்றாக இருக்கிறது. நேற்று போயிருக்கலாம்."